மனம் கோணாத முறை

ஆங்கிலம் வாசிக்கப் பழக்கும் முறைகளில், பிள்ளையின் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டது அமெரிக்காவின் முழுச்சொல் முறைதான். எழுத்துகளை ஒலித்துக் கூட்டும்படி அது எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தியதில்லை. சொல்லைப் படம்போல முழுசாகப் பார், மனசில் வை, அட்டையைக் காட்டும்போது சொல். அவ்வளவுதான் அது கேட்டது.

இந்த முறையில் அமைந்து 1930இல் தொடங்கிய டிக், ஜேன் பாடநூல்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க வகுப்பறைகளை ஆண்டன. அவற்றின் சொற்சிக்கனம் அபாரம். நாலைந்து சொற்களை மாற்றி மாற்றிப் போட்டே பக்கங்கள் நகரும். படங்களோ அத்தனை தெளிவு. நாய் ஓடுவதும் தங்கை சிரிப்பதும் கண்ணெதிரே நடக்கும். அச்செழுத்தின் பக்கம் திரும்பாமலே பிள்ளை கதையைச் சொல்லி முடித்துவிடலாம். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பெருமை, டீச்சருக்கு நிம்மதி.

நல்ல புத்தகங்கள் பிறக்கக் காரணமாக இருந்த சிறப்பும் இந்த முறைக்கு உண்டு. ‘ஜானியால் ஏன் வாசிக்க முடியவில்லை’ என்று 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் ஒரு நூலே எழுதி நாடு முழுக்க விவாதத்தைக் கிளப்பினார். 1957இல் டாக்டர் சூஸ் வெறும் 236 சொற்களில் தொப்பி போட்ட பூனையின் கதையைத் தந்தார். வகுப்பறைப் பாடநூல்கள் அவ்வளவு சலிப்பூட்டாமல் இருந்திருந்தால் இந்தப் பூனைக்கு வேலையே வந்திருக்காது.

எட்வர்ட் டால்ச் 1936இல் தொகுத்த 220 சொற்களைப் பாராட்டத்தான் வேண்டும். சிறுவர் நூல் எதைத் திறந்தாலும் பக்கத்தில் பாதிக்குக் குறையாமல் அந்தச் சொற்கள்தான். இன்று நம்மூர் எல்.கே.ஜி. சுவர்களில் சைட் வேர்ட்ஸ் என்று தொங்குவதும் பெரும்பாலும் அவையே. அவற்றை மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பாதிப் பக்கம் கைவசம். அந்த 220இல் பெயர்ச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. அவருடைய 95 பெயர்ச்சொற்கள் தனிப் பட்டியல். ஆகவே யார், எது, எங்கே என்பதெல்லாம் மிச்சப் பாதியில் பத்திரமாக இருக்கும்.

எஸ், ஏ, ஐ, டி என்று எழுதி ‘செட்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தங்கள் ஒலியைத்தான் தருகின்றன. முரண்டு பிடிப்பது நடுவிலுள்ள இரண்டு மட்டும். அட்டை இந்தப் பாகுபாடு பார்ப்பதில்லை. ஒழுங்கான எழுத்தையும் ஒழுங்கில்லாததையும் சமமாக நடத்தி, நான்கையும் ஒரே படமாக விழுங்கச் சொல்கிறது.

சொற்குடும்பங்களையும் இதே பரிவோடு நடத்துகிறார்கள். கேட், ஹேட், மேட், பேட் என்று ஒரே பத்தியில் எழுதிவிட்டால், பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்தாலே போதும். வாலைப் பார்க்கும் சிரமம் மிச்சம். ராகம் போட்டுப் பத்து சொற்களை மளமளவென்று ஒப்பித்துவிடும். நடுவில் ‘ஹிட்’ என்று எழுதிப் பாருங்கள், அதையும் ‘ஹேட்’ என்றே பாடும். இப்படி இரண்டு மூன்று குடும்பங்களைக் கலந்து எழுதி, ஒவ்வொரு எழுத்தையும் தொட்டு ஒலிக்கச் சொன்னால்தான் பிள்ளை வாசிக்கிறதா, பாடுகிறதா என்று தெரியும். அந்தச் சோதனைக்குப் பிள்ளையை ஆளாக்காத கருணை சுவர்ப் பட்டியலுக்கு உண்டு.

பெருந்தன்மையில் எல்லோரையும் மிஞ்சியவர் கென்னத் குட்மன். வாசிப்பு ஓர் ஊக விளையாட்டு என்று 1967இல் எழுதினார். அந்த வழியில் வந்த வகுப்புகளில், குதிரை என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் படத்தைப் பார்த்துப் பிள்ளை மட்டக்குதிரை என்றாலும் பொருள் கெடவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். கணக்கு வாத்தியாருக்கு இந்தத் தாராளம் வராது.

எழுத்துக்கும் ஒலிக்குமுள்ள உறவை முறையாகச் சொல்லித்தருவது பலன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் ஊகம் வகுப்பறையை விட்டுப் போகவில்லை. கைவிடாத விசுவாசம் அது.

நாலாம் வகுப்பில் படங்கள் குறைந்து, முன்பின் பார்த்திராத சொற்கள் வரிசைகட்டி வருகின்றன. பிள்ளை பக்கத்தின் முன்னால் திணறி நிற்கிறது. ரிப்போர்ட் கார்டில் ‘ஆர்வம் போதாது’ என்று எழுதுகிறார்கள். முறையின் பெயர் அந்தக் கார்டில் எங்குமே வருவதில்லை.