மனைப்பிரிவுத் திணையும் லிஃப்ட் கேட்டலும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

காட்டுக்கும் மலைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் திணை வகுத்த தொல்காப்பியர், டிடிசிபி அப்ரூவல் பெற்ற நிலத்தை மட்டும் ஏனோ விட்டுவிட்டார். அவர் காலத்தில் மனை பார்க்க இலவச வாகன வசதி இருந்திருக்காது. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: திருவள்ளூர் தொடங்கி ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட் வரையிலான நிலப்பரப்பு. ஆய்வு முறை: மனைப்பிரிவின் முகப்பு ஆர்ச் ஓரமாக நிற்றல். (‘ஆறாம் திணை’ என்று பெயர் சூட்ட ஆசைதான். அந்தப் பெயரை ஏற்கெனவே பலர் பத்திரம் பண்ணிக்கொண்டுவிட்டதால், எண் எதுவும் போடாமல் ‘மனைப்பிரிவு’ என்றே வழங்குகிறோம்.)

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். மருதம் திரிந்தால் என்னவாகும் என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. பெரியபாளையம் சாலையில் போகிற எவரும் சொல்வார். இரண்டு போகம் ஒரு போகமாகும். பிறகு தரிசு. தரிசில் சீமைக்கருவேலம் ஏறும். ஒருநாள் காலையில் ஜேசிபி வரும், சாயங்காலத்துக்குள் வரப்பு போய் ரோடு தெரியும். வண்ணமடித்த கல் நட்டு, முகப்பில் ஆர்ச் எழுப்பி, ‘அவென்யூ’ என்றோ ‘கார்டன்’ என்றோ எழுதிவிட்டால் திரிபு முற்றிற்று. அதன்பின் பத்து மனைக்கு ஒன்று வீதம், பாகப்பிரிவினையில் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடுகள் முளைக்கும்.

இந்நிலத்தில் பரப்புக்குச் சதுர அடி, கிரவுண்ட் என்று அளவைகள் உண்டு. தூரத்துக்கு ஒரே அளவைதான்: பத்து நிமிடம். ரயில் நிலையம் பத்து நிமிடம், பள்ளிக்கூடம் பத்து நிமிடம், சிப்காட் பத்து நிமிடம். விளம்பரத்தில் வரும் இந்த நிமிடத்தைப் பொய் என்பவர்கள் உண்டு, நாம் உடன்படவில்லை. எந்த வண்டியில், எந்த நேரத்தில், யார் ஓட்டினால் என்பதைச் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவே. மனை பார்க்கக் கூட்டிப்போகும் வேனில் அது மெய்யாகவே பத்து நிமிடம்தான். ஏசி போட்டு அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, கொண்டுவந்தும் விடுவார்கள். அந்த மண்ணுக்குக் காசில்லாமல் போய்த் திரும்புவது வாங்குகிறவர் வாழ்வில் அதுவே முதலும் கடைசியும்.

வரலாற்றுச் சான்றுகளையும் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியபோது திருவள்ளூர் வழியாகவே ஓடியது. ஆக, இவ்வட்டாரத்துக்கு ரயில் வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவது எப்படி என்பதுதான் இன்னும் ஆய்வில் இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி 50 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு தூரத்துக்கு மின்ரயிலில் கொடுத்த டிக்கெட் காசைப் போல் பல மடங்கை, கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் கேட்பார். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்ததும் அதே ஆண்டில். இரண்டும் ஒரு வயது. மாவட்டம் நம் ஆர்ச் வரைக்கும் வந்துவிட்டது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இல்லாத கட்டணத்தை இல்லாத பஸ்ஸில் கொடுக்க வேண்டாம் என்பதால் இத்திணையின் பெண்களுக்கு அது இரட்டைச் சலுகை. 2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக வளர்ந்து திருவள்ளூரையும் தாண்டிப்போனது. நாம் நகரத்துக்குப் போக வண்டி தேடிக்கொண்டிருந்தபோது, நகரமே அரசாணை ஏறி நம்மிடம் வந்து சேர்ந்தது.

சிறுபொழுதுகள்: ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட், ஜெனரல். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஆகவே இங்கே பஸ்ஸே இல்லை என்று எழுதுவது ஆய்வு நேர்மையாகாது. கழுத்தில் டேக் தொங்கும் ஒரே ஒரு ஆளுக்காக ஆர்ச் முன்னால் நின்று, பாதிக்கு மேல் காலி சீட்டோடு கிளம்பிப் போகிற பஸ்ஸைக் கையில் பையோடு பார்த்துக்கொண்டிருக்கும் வசதி எல்லோருக்கும் உண்டு. மற்ற பொழுதெல்லாம் அமைதி. பகல் பதினொரு மணிக்கு அடுத்த தெருக் குக்கரின் விசிலை இங்கிருந்தே எண்ணி, பருப்பா கறியா என்று முடிவுக்கு வரலாம்.

கருப்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லி நகர்வோம். மா: தெரு நாய், குட்டியானை. (பின்னது டாடா ஏஸ், கோலமாவும் வெங்காயமும் ஏற்றி வரும்.) புள்: கொக்கு. வயல் போன செய்தி அதற்கு இன்னும் எட்டவில்லை. காலி மனையில் தேங்கிய மழைத் தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கிறது. பறை: போர் மோட்டார். தெய்வம்: பொன்னேரிப் பக்கத்துச் சிறுவாபுரி முருகன். ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்து வேண்டிக்கொண்டால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. செவ்வாய் தோறும் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால், இத்தனை மனைப்பிரிவு எப்படிப் போதும் என்ற கவலையே வருகிறது. வீடு கேட்டு வருகிறவர்கள் கூடவே வண்டியும் கேட்பதில்லை. அது தனி மனு. புது வண்டிக்குப் பெரியபாளையத்தம்மன் சன்னிதியில் எலுமிச்சம்பழம் நசுக்கியாக வேண்டும்.

இனி உரிப்பொருள். முல்லைக்கு இருத்தல், பாலைக்குப் பிரிதல். மனைப்பிரிவுக்கு உரியது லிஃப்ட் கேட்டலும் கேட்டல் நிமித்தமும்.

லிஃப்ட் என்றால் கையை நீட்டுவது என்று வெளியூரார் நினைக்கிறார்கள். அது தேசிய நெடுஞ்சாலைப் பழக்கம். மனைப்பிரிவுக்குள் கை நீட்டுவது நாகரிகமில்லை. நடக்க ஆரம்பித்தால் போதும், நடப்பதே விண்ணப்பம். பின்னால் வருகிற வண்டி தானாக வேகம் குறையும். ஓட்டுகிறவர், ‘எங்க போறீங்க?’ என்று கேட்பதில்லை. ‘வண்டி என்னாச்சு?’ என்றுதான் கேட்கிறார். நடக்கிற மனிதன் என்பவன் வண்டி கெட்டுப்போன மனிதன் என்பதே இத்திணையின் மானிடவியல். ஏற்கத்தக்க விடைகள் மூன்று: சர்வீஸ் விட்டிருக்கேன், பஞ்சர், பையன் எடுத்துட்டுப் போயிட்டான். ‘சும்மாதான் நடக்கறேன்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி: ‘சுகர் எவ்வளவு இருக்கு சார்?’

உண்மையாகவே நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலை முடிந்து நாலைந்து பேராக அறைக்குத் திரும்பும் ஒடிசா, பீகார் இளைஞர்கள். அவர்களிடம் யாரும் வண்டி என்னாச்சு என்று கேட்பதில்லை, வேகம் குறைப்பதுமில்லை. ஆய்வின் சிரிப்புக்குள் அடங்காத செய்தி இது ஒன்றுதான். பதிவு செய்துவிட்டு மேலே போகிறோம்.

வண்டி வகைக்கேற்ப லிஃப்டின் குணம் மாறும். புல்லட்காரர் ஏற்றிக்கொள்வார், பேச முடியாது. பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டியில் பெண்களுக்கு மட்டுமே இடம். மெயின் ரோடு போவதற்குள் மாமியார், டியூஷன், மாவு பாக்கெட் விலை ஆகிய மூன்றும் விவாதிக்கப்பட்டிருக்கும். கார் லிஃப்ட் தருவது அரிது. பெரும்பாலான கார்கள் கவர் போர்த்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பவை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்று கதவைத் தட்டினால் மட்டும் அந்தக் கவர் ஒரே இழுப்பில் கழன்றுவிடும்; நாலு வருஷமாகப் பேசாதவர் வீட்டுக் கவரானாலும் சரி.

இத்துறையின் அரசன் டிவிஎஸ் எக்ஸ்எல். 1980-ல் டிவிஎஸ் 50 வந்தபோதே மொபெட்டில் இரண்டு பேர் போகலாம் என்று நாட்டுக்குச் சொன்ன குடும்பம் அது. இங்கே அது பயணத்தோடு கூட்டமும் நடத்துகிறது. கேட்டுக்கு உள்ளே கேட் வைத்து, ஆளுக்கொரு கேமரா மாட்டி வாழ்கிற வீடுகளில் எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அவர் வேலை செய்கிற இடம், பெண்ணுக்கு வரன் பார்க்கிற சேதி, இஎம்ஐ பாக்கி எல்லாம் எக்ஸ்எல்லின் பின் சீட்டில், அவர் முதுகைப் பார்த்தபடி கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். இங்கே இரண்டு பேர் சந்தித்துப் பேச வேண்டுமானால் ஒருவர் வண்டி பஞ்சராக வேண்டியிருக்கிறது. ஆந்திர எல்லையோர ஆரம்பாக்கம் பக்கம் போனால் ‘ஏறு’ என்பதற்குப் பதில் ‘எக்கு’ என்பார்கள். தெலுங்கு தெரியாதவரும் அந்த ஒரு சொல்லுக்கு உடனே கட்டுப்படுகிறார்.

கைம்மாறு பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெட்ரோலுக்குக் காசு நீட்டுவது அவமதிப்பு என்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் திரும்பி வரும்போதுதான். எக்ஸ்எல்காரர் தனியாக வருவதில்லை. முன்னால் அரிசி மூட்டை, இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. ‘ஏறுங்க சார்’ என்று சொல்லிக்கொண்டே ஒரு கேனை நம் மடியில் வைத்துவிடுகிறார். ஆகவே லிஃப்ட் வாங்கியவர் நாம் என்கிறது ஒரு பள்ளி. கேனைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடைத்ததால் வாங்கியவர் அவரே என்கிறது இன்னொன்று. ஸ்பீடு பிரேக்கரில் கேன் நழுவி உடைந்தால் பொறுப்பு யாருடையது என்பதில் மட்டும் இரு பள்ளிகளும் ஒன்றுபடுகின்றன: பின்னால் உட்கார்ந்திருந்தவர்.