கேத்தலுக்குள் ஒரு நமுனுகுல

போன வாரம் ஒரு பையன் வந்து, என் வீட்டு ஹோலில் உட்கார்ந்து, என் வீட்டுத் தேத்தண்ணியையே குடித்துவிட்டு, என் வீட்டுத் தண்ணியைப் பழுப்பாக்கிக் காட்டிவிட்டுப் போனான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பையன் டை கட்டியிருந்தான். நமுனுகுல சந்தியில் டை கட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் இன்சூரன்ஸ், லீசிங், தண்ணி ஃபில்டர் என்ற மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடுவார்கள். முதல் இரண்டும் ஏற்கெனவே எங்கள் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டதால், இவன் மூன்றாவதுதான் என்று படியேறும்போதே தெரிந்துவிட்டது. “அங்கிள், ஒங்க தண்ணிய ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாப்பமா? ஃப்ரீதான்” என்றான். ஃப்ரீ என்ற சொல் எந்த அறையில் விழுந்தாலும் என் மாமியார் காதுக்குப் போய்விடும். அவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

இரண்டு கிளாஸ். ஒன்றில் எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணி, மற்றதில் அவன் போத்தலில் கொண்டு வந்த தண்ணி. கம்பிகள் தொங்குகிற ஒரு பெட்டியை இரண்டின் மேலும் வைத்து பிளக்கில் சொருகினான். கொஞ்ச நேரத்தில் எங்கள் கிளாஸ் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் திப்பி திப்பியாக ஏதோ மிதக்கத் தொடங்கியது. அவன் கிளாஸ் அப்படியே பளிச்சென்று இருந்தது. “இதத்தான் அங்கிள் நீங்க இவ்வளவு காலமும் குடிச்சிருக்கீங்க” என்றான். மாமியார் நெஞ்சில் கையை வைத்தார்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணியில் கரண்ட் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும், அந்தத் துருதான் பழுப்பு. அவன் போத்தல் தண்ணியில் உப்பு எதுவும் கிடையாது. ஆகவே கரண்ட் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. அவன் கிளாஸிலும் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டால் அதுவும் பழுப்பாகும். இதைச் சொல்லி நான் குசினிக்குப் போய் உப்புப் போத்தலை எடுத்து வருவதற்குள் ஒயரைச் சுருட்டிவிட்டான். அடுத்த வீட்டில் அப்பொயின்ட்மென்டாம். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில், மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பிள்ளையை விரட்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டு இருந்தது.

போகிற போக்கில் பேனா அளவு மீட்டர் ஒன்றையும் எங்கள் வாளியில் விட்டு, ஒரு நம்பரைக் காட்டி உச்சுக் கொட்டினான். தண்ணியில் மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அந்த மீட்டர் உத்தேசமாகச் சொல்லும். கரைந்தது என்ன என்று அதற்குத் தெரியாது. அதையே செவ்விளநீரில் விட்டால் ஆயிரக்கணக்கில் காட்டும். பதுளை ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகிறபோது நாம் வாங்கிக்கொண்டு போவது அந்த இளநீரைத்தான்.

என் எரிச்சல் இதோடு நின்றிருந்தால் கட்டுரை தேவைப்பட்டிருக்காது. பையன் போனதிலிருந்து வீட்டில் எல்லாவற்றுக்கும் தண்ணிதான் காரணம். நீங்களும் இதைச் செய்கிறவர்கள்தானே? கொழும்புக்குப் போய் வந்த பிள்ளைக்குத் தடிமன், தண்ணி மாறியிருக்கும். மருமகளின் ரொட்டி கல்லாக இருக்கிறது, அதுவும் தண்ணிதான். சாதாரணதரப் பரீட்சையில் கணக்குப் பாடம் போனதற்குக்கூட எங்கள் லயத்தில் ஒரு தகப்பன், “விடுதித் தண்ணி ஒத்துக்கல” என்று விளக்கம் சொன்னார். முடி கொட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் தலையைப் பார்த்துவிட்டு எங்கள் கிணற்றைக் குறை சொல்லாத உறவினர் இல்லை. இதில் எதெதற்குத் தண்ணி பொறுப்பு, எதெதற்கு இல்லை என்று இன்று தீர்ப்புச் சொல்லிவிடப் போகிறேன். முடி விவகாரத்தை மட்டும் விட்டுவிடுவோம்.

எங்கள் தண்ணி கடினத் தண்ணிதான். பையன் சொன்னது பொய். ஆனால் உண்மையாகவே புகார் இருக்கிற வீட்டுக்கு வந்து பொய் சொல்லியிருக்கிறான். கடினத் தண்ணி கிளாஸில் கண்ணாடியாகத்தான் இருக்கும், பழுப்பெல்லாம் வராது. கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருப்பதுதான் கடினம். மழை விழும்போது மெதுவான தண்ணி. மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்துப் போகிறது. அந்தப் புளிப்போடு சுண்ணாம்புக்கல்லைத் தொட்டால் கரைத்துக்கொண்டு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் தரைக்குக் கீழே முழுக்கச் சுண்ணக்கல், அதனால் அங்கே கிணற்றுத் தண்ணியின் குணம் எல்லோருக்கும் தெரியும். இங்கே ஊவாவில் பெரும்பாலும் வேறு பாறை. ஆனாலும் நடுநடுவே பளிங்குச் சுண்ணக்கல் பட்டைகள் ஓடுகின்றன. மலை ஊற்றுத் தண்ணி பாறையோடு அதிக நேரம் பழகாமல் ஓடி வந்துவிடும். குழாய்க்கிணற்றுத் தண்ணியோ கீழே பாறை வெடிப்பில் வருஷக்கணக்கில் ஊறிக் கிடந்துவிட்டு வருகிறது.

லயத்தில் இருந்த காலத்தில் எங்களுக்குப் பீலித் தண்ணி. மலையிலிருந்து நேரே மூங்கிலில் விழும். தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டு ஒன்று, காம்பராவில் இருக்கிற அத்தனை பேருக்கும் நுரைக்கும். நுரையைக் கழுவுவதுதான் சிரமம், குளிருக்குள் நடுங்கிக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது சொந்த வீடு, சொந்தக் கிணறு, ஓட்டை இல்லாத கூரை. சவர்க்காரம் மட்டும் நுரைக்காது. கல்சியம் அதைப் பிடித்துத் திரித்துவிடுகிறது. வாளியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படிகிறதே, காசு கொடுத்து வாங்கிய சவர்க்காரம்தான் அது. நமுனுகுல மலையின் பதுளைப் பக்கச் சரிவில் ஸ்பிரிங்வெளி என்றே ஒரு தோட்டம் இருக்கிறது. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு இப்போது பொறாமை வருகிறது.

பண்டாரவளைப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொல்லிப் புலம்ப முடியாது. உமா ஓயா சுரங்கம் தோண்டியபோது 2014 டிசம்பரில் உள்ளே தண்ணி பீறிட்டது. மேலே ஊரில் கிணறும் ஊற்றும் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. நான் சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று ஆரம்பித்தால், “ஒங்களுக்கு நுரைக்கிறதுக்குத் தண்ணியாச்சும் இருக்கு” என்பார்கள். இலங்கைத் தர நிறுவனம் குடிநீரின் கடினத்துக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. உலகச் சுகாதார அமைப்பு, உடம்புக்கென்று தனியாக எல்லையே வைக்கவில்லை. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. எரிச்சல்படத்தான் நிறைய இருக்கிறது. முதலில் கேத்தல்.

எங்கள் கேத்தலுக்குள் மலை வளர்ந்துகொண்டிருக்கிறது. வாங்கிய புதிதில் உள்ளே முகம் பார்க்கலாம். பிறகு அடியில் வெள்ளையாக ஒரு மூட்டம். மூட்டம் பொருக்காகியது, பொருக்கின் மேல் பொருக்கு ஏறியது. இப்போது உள்ளே எட்டிப் பார்த்தால் வாசலில் நின்று நமுனுகுல உச்சியைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது. பனி மூட்டத்துக்குப் பதில் ஆவி. ஒன்பது சிகரம் இன்னும் வரவில்லை, ஆனால் பிடிப் பக்கம் மூன்று தெளிவாகத் தெரிகிறது. நாலாவது முளைத்திருப்பதாக மாமியார் சொல்கிறார். சூடேறும்போது கரியமில வாயு ஓடிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு கரைய முடியாமல் கல்லாகப் படிகிறது, அவ்வளவுதான் இதன் வரலாறு. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியதும் மண்ணின் புளிப்பை முறிக்க மூடை மூடையாக டொலமைட் போடுவார்கள். அதுவும் இந்த வம்சம்தான். அவர்கள் காசு கொடுத்து வாங்குவதை நான் கரண்ட் செலவில் வீட்டிலேயே உற்பத்தி செய்கிறேன். உற்பத்திச் செலவும் கொஞ்சமல்ல. மலைக்கு அடியில் கிடக்கிற சூடு மலையைத் தாண்டித்தானே தண்ணிக்கு வர வேண்டும்? கேத்தல் முதலில் முனகும், பிறகு இரையும், பிறகு சாமி வந்த மாதிரி ஆடும், அப்புறம்தான் கொதிக்கும். 2022இல் கரண்ட் கட்டணத்தை ஏற்றியதிலிருந்து அந்த முனகல் ஒவ்வொன்றும் எனக்கு ரூபாயில் கேட்கிறது.

மலையை உடைக்க வீட்டில் நாலு கட்சி. மாமியார் தேசிக்காய்க் கட்சி. மனைவி வினாகிரி. அடுத்த வீட்டு அக்கா கொறுக்காய். மச்சான் ஸ்குரூட்ரைவர். முதல் மூன்று கட்சிக்கும் கொள்கை ஒன்றுதான், புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். தேசிக்காயைப் பிழிந்து விட்டதும் மலையின் உச்சியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். காதை வைத்துக் கேட்டால் மெல்லிய இரைச்சல். ஓரத்தில் இருக்கிற பொருக்குகள் கழன்று புரண்டு மிதக்கும். மாமியார் அதைக் கோயில் திருவிழா பார்க்கிற ஈடுபாட்டோடு பார்ப்பார். தேசிக்காய் விற்கிற விலைக்கு அந்தத் திருவிழாவை வருஷத்துக்கு ஒருமுறைதான் வைக்க முடியும். வினாகிரி மலிவு, ஆனால் அதற்குப் பிறகு நாலைந்து நாள் தேத்தண்ணியில் அச்சாறு வாசம். அக்காவின் கொறுக்காய் உண்மையிலேயே நன்றாகக் கரைத்தது. அன்று பின்னேரம் வந்த விருந்தாளி ஒரு மிடறு குடித்துவிட்டு, “இன்னைக்கு வீட்டுல மீன் குழம்புங்களா?” என்று ஆவலாகக் கேட்டார். மச்சானின் ஸ்குரூட்ரைவரைப் பற்றிச் சொல்வதற்கில்லை. பழைய கேத்தல் கோழிக் கூட்டில் தண்ணி வைக்கப் பயன்படுகிறது.

எந்தக் கட்சி ஜெயித்தாலும் உதிரிப் பொருக்கு கோப்பைக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். மனைவி வடிகட்டுவார். மாமியார் கரண்டியால் எடுத்துப் பார்த்து, “கல்சியந்தானே மாப்பிள்ள, கிளினிக்குல குளிசையாக் குடுக்குறாங்க, இங்க சும்மா வருது” என்பார். இதில் அவர் சொல்வது அவ்வளவு பிழையுமில்லை. அதுதான் என் கஷ்டம்.

பருப்பு விஷயத்திலும் தண்ணிமேல் குற்றம் உண்டு. பருப்பின் தோல் இளக விடாமல் கல்சியம் பிடித்துக்கொள்ளும். மனைவி பல காலமாகச் சொல்லி வந்தது உண்மை. ரொட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் கடைசி ஆயுதமாகக் கிராந்துருகோட்டையை எடுத்தான். அதுவும் எங்கள் பதுளை மாவட்டம்தான், மலை இறங்கி மகாவலிப் பக்கம். 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைக் கொல்கிற சிறுநீரக நோய் அங்கேயும் இருக்கிறது. கடினத் தண்ணி, புளோரைட், வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை செய்வது, விவசாய ரசாயனம் என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள், இன்னதுதான் என்று இன்னும் முடிவாகவில்லை. அங்கே சுத்திகரித்த தண்ணிக்குக் கலனோடு வரிசையில் நிற்கிற சனங்களின் பேரைச் சொல்லி, மலைமேல் கேத்தலில் பொருக்குப் பிடிக்கிற வீட்டில் மாதத் தவணைக்கு மெசின் விற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டை கட்டினால் மட்டும் போதாது.

சரி, தேத்தண்ணி. எங்கள் வீட்டுப் பிளேன்டீயை ஆறவிட்டால் மேலே ஒரு ஆடை படியும், கோப்பையை ஆட்டினால் துண்டு துண்டாக வெடிக்கும். 1993இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பிரோ, டியோகிரேஷியஸ் ஜகன்யி என்ற இரண்டு ரசாயனக்காரர்கள் இந்த ஆடையையே ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார்கள். தண்ணியில் இருக்கிற கல்சியமும் பைகார்பனேட்டும், தேயிலைச் சாயமும், காற்றும் சேர்ந்தால் ஆடை. தேசிக்காய் பிழிந்தால் ஆடை இல்லை. லண்டன் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணிதான், ஆகவே அங்கே இது ஆராய்ச்சி. இங்கே இதே ஆடையைப் பார்த்து என் தங்கை, “அண்ணி கோப்பையை ஒழுங்காக் கழுவல” என்று எழுந்து போனாள்.

வெள்ளைக்காரன் இந்தச் சிக்கலை வியாபாரமாகவே பார்த்திருக்கிறான். 1890இல் இந்த ஊவாவுக்கு வந்து தம்பேதன்னை பக்கம் தோட்டம் வாங்கிய லிப்டன், அந்தந்த ஊர்த் தண்ணிக்குத் தோதான தேயிலை என்று சொல்லியே அங்கே விற்றார். இங்கிலாந்தில் யோர்க்‌ஷயர் டீக்காரர்கள் கடினத் தண்ணிக்கென்றே தனிப் பாக்கெட் போட்டிருக்கிறார்கள். ஆடி ஆவணியில் காய்ந்த காற்று அடிக்கும்போது எங்கள் மலையில் கிள்ளுகிற கொழுந்துக்கு உலகத்தில் வேறெங்கும் வராத வாசம் உண்டு. ஊவா சீசன் என்று கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி விலை. கிள்ளியவள் வீட்டுக்கு வருவது டஸ்ட். டஸ்ட் எங்கள் தண்ணியில் விழுந்தால் நிறம் வரும், வேறொன்றும் வராது.

இந்தத் தண்ணிக்கு ஏற்ற தேயிலை என்று ஏதாவது இருக்கிறதா என்று பசறையில் ஒரு கடையில் விசாரித்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். கல்சியம், பைகார்பனேட், யோர்க்‌ஷயர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கேட்டார்: “டஸ்ட்தான் அண்ணே இருக்கு. நூறு கிராம் கட்டவா, இருநூறா?”

இருநூறு கட்டச் சொன்னேன்.