திருப்புளிச் சித்தப்பா

முத்துப்பேட்டையில் மோட்டார் வைத்த சாமான் எதை வாங்கினாலும் கடைக்காரர் தரும் வாரண்டி அட்டையை நம்பி யாரும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. சித்தப்பா வர வேண்டும், தலையைச் சாய்த்துக் கேட்க வேண்டும், "ம்... கொஞ்சம் செட்டிங் பண்ணணும்" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் அது நம்முடைய சாமான்.

ஊருக்கே அவர் சித்தப்பா. மெக்கானிக் கிடையாது. மெக்கானிக் என்றால் காசு கேட்பார், கெட்டுப்போனால் பொறுப்பும் ஏற்பார். சித்தப்பாவுக்கு இரண்டுமே பழக்கமில்லை. ஒரு டீ போதும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பிடி போட்ட திருப்புளி ஒன்று இருக்கும். முனை மழுங்கி, எந்த ஸ்குருவிலும் முழுசாக உட்காராது. அதற்காக அவர் எந்த ஸ்குருவையும் விட்டுவைத்ததில்லை.

அவருடைய தொழில் வாழ்க்கை மொட்டைமாடியில் தொடங்கியது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பு ஆரம்பித்ததும் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஆன்டெனாக்கள் உயர்ந்தன. மேலே சித்தப்பா, கீழே குடும்பம். "வருதா?" "வருது... வருது... போச்சு!" "இப்ப?" "முன்னாடி இருந்த மாதிரியே வைங்க சித்தப்பா!" கோபித்துக்கொண்டு கம்பத்தை விட்டுவிட்டு அவர் ஏணியில் இறங்கும்போது படம் பளிச்சென்று தெரியும். ஆன்டெனாவிலிருந்து கையை எடுத்ததுதான் காரணம் என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் அன்றைக்கு யாருக்கும் இல்லை.

கேபிள் வந்து அந்தத் தொழிலை முடித்தது. அதற்குள் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்துவிட்டதால் கார்பரேட்டர்கள் அவரைக் காப்பாற்றின. அவையும் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, முத்துப்பேட்டை என்று லட்சக்கணக்கான தென்னைகள் படுத்துவிட்டன. அந்த வாரம் டெல்டாவில் அரிசியைவிடத் தேடப்பட்ட சாமான் மரம் அறுக்கும் மெஷின். ஈரத் தென்னை நார் செயினில் சிக்கும், மண் பட்டுப் பல் மழுங்கும், மெஷின் திணறும். உடனே சித்தப்பாவிடம் ஓடி வருவார்கள். அதில் எச், எல் என்று இரண்டு ஸ்குரு, ஐடிலுக்கு இன்னொன்று. திருப்புவதற்கு மூன்று! ஊரே அழுதுகொண்டிருந்த அந்த நாட்களில் அவரும் அழுதார்; ஆனால் திருப்பிக்கொண்டே அழுதார்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் புது வண்டிகளில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. "இனிமே எஞ்சினுக்கு வாயில்லாம போச்சு" என்று அறிக்கை விட்டார். மிச்சமிருந்தது மர மெஷின்தான். அதற்கும் வேட்டு வைத்தார் அவருடைய சொந்த அண்ணன் மகன்: தன்னைத்தானே டியூன் செய்துகொள்ளும் மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். ஹஸ்க்வர்னா இந்த ஏற்பாட்டை ஆட்டோடியூன் என்கிறது, ஸ்டில் எம்-ட்ரோனிக் என்கிறது. சித்தப்பா மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஃபில்டரை எடுத்துப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தார்.

"தம்பி, ஸ்குருவைக் காணோமே. கடையிலேயே கழட்டிக்கிட்டானுவளா?"

"அதுவே செட் பண்ணிக்கும் சித்தப்பா."

"அதுவேன்னா? யாரு?"

அது வெறும் சர்க்யூட். ஓடும்போதே பெட்ரோலை ஒரு துளி கூட்டிக் குறைத்துப் பார்க்கும். சுற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்கும். அதற்கேற்ப ஒரு குட்டி வால்வைத் திறந்து மூடும். கடைசியாக வேலை செய்த இடத்தின் கணக்கை நினைவிலும் வைத்திருக்கும். கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் முத்துப்பேட்டையில் அது குறையில்லாமல் ஓடியது. சித்தப்பா மட்டும் சாப்பிடாமல் இருந்தார்.

கொடைக்கானலில் விடிவு பிறந்தது. உறவுக்காரர் தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த யூக்கலிப்டஸை அறுக்க வேண்டும். மலையில் மரத்தைத் தொட 1955-ஆம் வருடத்துச் சட்டம் இருப்பதால் கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டாகிவிட்டது. வத்தலக்குண்டு தாண்டிய வளைவுகளில் சித்தப்பா மூன்று பிளாஸ்டிக் பைகளை நிறைத்தார். மேலே போய் அவர் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். மெஷினைக் கிளப்பியதும் அது புகை கக்கி, இருமி, நின்றது. அவர் முகத்தில் கஜாவுக்குப் பிறகு காணாத களை.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்."

நடந்தது இதுதான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்று மெலிசு. முத்துப்பேட்டைக் காற்றுக்கு அளந்த பெட்ரோலையே மெஷின் அங்கேயும் ஊற்றிக்கொண்டிருந்தது. பழைய மெஷினாக இருந்தால் எச் ஸ்குருவைக் கொஞ்சம் முடுக்கிச் சரிசெய்யலாம். கீழே இறங்கியதும் மறக்காமல் பழையபடி திருப்பவும் வேண்டும். மறந்தால் பெட்ரோலும் அதோடு கலந்த ஆயிலும் குறைந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்ட பிஸ்டன் ஒன்று சித்தப்பா வீட்டு அலமாரியில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. அதன் வரலாற்றை அவர் சொல்ல மாட்டார்.

புது மெஷினுக்கு வேண்டியதெல்லாம் பளு. மரத்தில் வைத்து நாலைந்து அறுப்பு அறுத்தால் புது இடத்தின் காற்றைப் படித்துக்கொள்ளும். சித்தப்பா அறுக்க விடவில்லை. வானத்தைப் பார்க்கப் பிடித்து முறுக்கினார், அணைத்தார், சோக்கை இழுத்தார், பிளக்கைக் கழற்றி ஊதினார், மறுபடி முறுக்கினார். மரத்தைத் தொடாத மெஷின் என்னத்தைப் படிக்கும்? கடைசியில் "மெமரி போயிருச்சு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அண்ணன் மகன் இதற்காகத்தான் காத்திருந்தார். மெஷினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, கட்டையில் வைத்தார். முதல் அறுப்பில் திணறல். இரண்டாவதில் புகை குறைந்தது. அடுத்தடுத்த அறுப்பில் சத்தம் நீண்டு, சீராகி, மரத்தூள் பூப்போலக் கொட்டியது. டீக்கடைப் பக்கமிருந்து சித்தப்பா ஓடி வந்தார்.

"இப்பதான் பிடிக்குது பாரு, நான் வெச்ச செட்டிங்!"

பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் நம்மூருல இருந்த இழுப்பு இல்லடா" என்றார்.

அதுதான் உண்மை. கலவையைத் திருத்தத்தான் சர்க்யூட்டுக்குத் தெரியும். இல்லாத காற்றைக் கொண்டுவரத் தெரியாது. அந்த உயரத்தில் எஞ்சின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மீட்டர் வைத்து அளக்க வேண்டியதை அந்த மனுஷன் காதால் சொல்லிவிட்டார். காது பத்தரை மாற்று, கைதான் வினை.

ஆகவே புது மெஷினோடு மலையேறுகிறவர்களுக்கு: செயினைத் தீட்டிக்கொள்ளுங்கள், ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள், மரத்தில் வைத்து நாலைந்து அறுப்பு அறுத்த பிறகு குறை சொல்லுங்கள். சித்தப்பாவையும் அவசியம் கூட்டிப்போங்கள். திருப்புளியை மட்டும் வீட்டில் வாங்கி வைத்துவிடுங்கள்.