எம் சைஸ் ஆர்டர்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதே காலுக்குக் கரண்டு போனது. அமராவதி நகரில் கரண்டு போனால் அணைப் பக்கத்து இருட்டு அப்படியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. வைஃபை பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாமாவின் பனியன் கம்பெனிக் கணக்கு ஓடுகிற தூரத்து சர்வருக்குள் நுழைந்து, விம் எடிட்டரில் ஒரு ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாதி வரியில் திரை உறைந்தது. நம்மூர் முதலைப் பண்ணையில் வெயில் காய்கிற முதலை மாதிரி, உயிர் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை.

மாமா பக்கத்திலேயே இருந்தார். அணை மீன் வறுவலுக்காகத் திருப்பூரிலிருந்து வண்டி எடுத்து வருகிறவர், வரும்போதே எனக்கும் ஒரு வேலையைக் கட்டிக்கொண்டு வருவார்.

எண்டர், அலைக்கோடு, புள்ளி என்று வரிசையாகத் தட்டி அறுந்த இணைப்பை உதறினேன். என் லேப்டாப்புக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் விம் காட்டிய எழுத்துகள் கிளம்பவில்லை. அவற்றின் மேலேயே புது வரி வந்து ஏறியது. கீழே தள்ளிப் பார்க்கலாமென்று டச்பேடில் இரண்டு விரலால் இழுத்தேன். 65;40;18, வாலில் ஒரு எம். மறுபடி இழுத்தேன். அதே எண்கள், அதே எம், மூச்சுவிடாமல் வரிசை கட்டின.

மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"என்ன மாப்ள, ஆர்டர் வந்திருக்குதாட்ட இருக்குது?"

"ஆர்டர் இல்லீங் மாமா."

"எம் சைஸ்னு போட்டிருக்குதே! 65 டஜன். நாப்பது மார்பு. ஆனா பதினெட்டு உயரம்னா தொப்புள் தெரியுமேடா… வெளிநாட்டுக்காரன் கேட்டாலும் கேப்பான்."

பதற்றத்தில் எண்டரைத் தட்டிவிட்டேன். அரைப்புள்ளி வந்தால் ஒரு கட்டளை முடிந்தது என்பது, கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல்லின் கணக்கு. அதனால் 65 என்று ஒரு கட்டளை இல்லை, 40 இல்லை, 18எம் இல்லை என்று தனித்தனியாகக் கைவிரித்தது.

"ஸ்டாக் இல்லீங்குதா?" என்றார் மாமா.

ஒரு விதத்தில் அவர் சொன்னது சரி, அவை அளவுகள்தான். 65 என்றால் மவுஸ் சக்கரம் கீழ்நோக்கி உருண்டது என்று அர்த்தம். 40 என்பது இடமிருந்து எத்தனையாவது கட்டம். 18 மேலிருந்து எத்தனையாவது வரி. விம் உள்ளே நுழையும்போது, மவுஸில் கை பட்டால் எனக்குச் சொல் என்று கட்டளைத் திரையான டெர்மினலிடம் கேட்டுக்கொள்ளும். கிளம்பும்போது போதும் என்று சொல்லிவிட்டுப் போகும். கரண்டு போனதில் அந்தப் 'போதும்' வந்து சேரவே இல்லை. வரும் லாரி நம்பரையெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லு என்று வாட்ச்மேனிடம் சொன்ன முதலாளி பின்கேட் வழியாக வீட்டுக்குப் போய்விட்டால், பூட்டின ஆபீசைப் பார்த்து அவன் கத்திக்கொண்டேதானே இருப்பான்? டெர்மினலைக் குறை சொல்லி என்ன பயன். அது பாவம், டிஇசி கம்பெனி 1978இல் கொண்டுவந்த விடி100 என்ற பெட்டியாகத் தன்னை நினைத்துக்கொண்டு இன்றைக்கும் நடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் முந்தின டெலிடைப்பின் நினைவாகத்தான் லினக்ஸில் இன்னும் டிடிஒய் என்ற பெயர் சுற்றுகிறது. மாமாவுக்கு டெலக்ஸ் காலம் நன்றாக ஞாபகம். "அதுல வந்ததெல்லாம் ஆர்டர்தான்" என்றார், என்னை நம்பாமல்.

டச்பேடிலிருந்து கையை எடுத்தேன். கண்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்திக் குப்பை வரியைத் தள்ளினேன். பிறகு ரீசெட் என்று அடித்து எண்டர். ஆங்கிலத்தில் அதுவும் ஐந்தெழுத்து மந்திரம்தான். திரை துடைத்துவிட்டாற்போல் ஆனது.

"அடப்பாவி, ஆர்டரை அழிச்சுப்போட்டியே!"

பதினோரு மணிக்குக் கரண்டு வந்தது. சர்வரில் விம் ஒளித்துவைத்திருந்த ஸ்வாப் ஃபைலிலிருந்து என் வரிகளை மீட்டுவிட்டேன். மாமா அதைக் கண்டுகொள்ளவில்லை. காலையில் வண்டியை எடுக்கும்போது கட்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாப்பதுக்குப் பதினெட்டு. ஒரே ஒரு சாம்பிள் வெட்டிப் பாரு கண்ணு."