பக்கவாத்தியக் கச்சேரி

கேள்வி: பையன் விடிய விடிய டோட்டா 2 விளையாடுகிறான். திட்டினால், 'ஓஜி டீம் கோடி கோடியாச் சம்பாதிக்கலையா?' என்கிறான். யார் சார் இந்த ஓஜி?

பதில்: பையன் சொல்வது பொய்யில்லை; உங்கள் சிக்கலே அதுதான். 2015-ல் டென்மார்க்கின் யோஹான் சுண்ட்ஸ்டைனும் இஸ்ரேலின் டால் ஐசிக்கும் தொடங்கிய அணி. இரண்டே ஆண்டுகளில் நான்கு மேஜர் கோப்பைகள். அப்புறம் 2018 மே மாதம், உலகப் போட்டிக்கு மூன்றே மாதம் இருக்கையில், ஐசிக் இன்னொரு வீரரோடு 'ஈவில் ஜீனியஸஸ்' அணிக்குப் போய்விட்டார். மண்டபம் பிடித்த பிறகு மாப்பிள்ளை ஓடிய கதை!

மிச்சமிருந்தவர்கள் கோச் செபாஸ்டியன் டெப்ஸையே கீபோர்டு முன் உட்காரவைத்தார்கள். பெரிய மேடை அனுபவமில்லாத ஃபின்லாந்துப் பையன் டாப்சனைச் சேர்த்தார்கள். ஒதுங்கியிருந்த ஆஸ்திரேலியாவின் அனா திரும்பி வந்தார். யார் வேண்டுமானாலும் மோதலாம் என்கிற தகுதிச் சுற்றில் ஆரம்பித்து வான்கூவர் போய், வழியில் அதே ஈவில் ஜீனியஸஸைச் சாய்த்து, இறுதியில் சீன அணியை 3-2 என வென்றார்கள். பரிசு சுமார் 1.12 கோடி டாலர்.

மறுவருஷம் ஷாங்காயில் மறுபடியும் கோப்பை, சுமார் 1.56 கோடி டாலர். தொடர்ந்து இருமுறை ஜெயித்த முதல் அணி. அதில் அனா செய்ததுதான் அழகு. 'ஐயோ' என்றொரு ஒளிப்பந்துப் பாத்திரம். அடுத்தவருக்கு உயிர் ஊட்டுவதுதான் அதன் வேலை. அதையே முக்கிய அடிதடிக்காரனாக இறக்கினார். மிருதங்கத்தை நடுவில் உட்காரவைத்து வாய்ப்பாட்டுக் கச்சேரி நடத்திய மாதிரி!

பையன் எந்தச் சுற்றில் இருக்கிறான் என்று விசாரியுங்கள். கரண்ட் பில் உங்கள் பெயரில்தானே வருகிறது?