உயிலியல்: கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு பத்திர இலக்கணம்

பாயிரம்

இந்நூல் என்ன நுதலிற்றோ எனின், ஆண்டிப்பட்டிக் கணவாய் முதல் குமுளி மலைப்பாதை வரை, போடிமெட்டு முதல் மேகமலை வரை வாழும் சொத்துடைய மாந்தர், தமக்குப் பின் அச்சொத்து யாருக்கு என்பதில் எத்தனை வகைப்படுவர், அவ்வகையார் யார் திண்ணையில் போய் யோசனை கேட்பர் என்று உணர்த்துதல் நுதலிற்று.

இப்பள்ளத்தாக்கே ஒரு பத்திரத்தால் பிழைப்பது என்பது முதற்கண் அறியத்தக்கது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம், பெரியாற்று அணைக்காக 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுக்குக் குத்தகை விட்டது. மகாராஜா கையெழுத்துப் போடவில்லை. அவருக்காகத் திவான் ராமையங்கார் போட்டார். எதிர்த்தரப்பான பிரிட்டிஷ் அரசுக்காக ரெசிடென்ட் ஹானிங்டன் போட்டார். ஆகவே இம்மண்ணின் தாய்ப் பத்திரமே இரண்டு ‘பவர் ஏஜென்டு’கள் முடித்துவைத்தது என்க. அந்த அணைத் தண்ணீரில்தான் 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. 999 ஆண்டுக்கு யோசித்து எழுதிய தாளின் தண்ணீரில் வெள்ளாமை செய்கிறவர், தன் வீட்டுக்காக ஒரு தாள் எழுதக் கூசுவது ஏன் என்பதே இந்நூலுக்குக் கிடைத்த ஐயம்.

முதலாவது: உயிலோர் இயல்

உயிலோர் நால்வகைப்படுவர். எழுதாதார், எழுதி மறைத்தார், எழுதி மிரட்டுவார், எழுதாமல் கொடுத்தார் என.

எழுதாதார் மீண்டும் மூவகை. உயில் எழுதினால் எமன் மோப்பம் பிடிப்பான் என்று அஞ்சி எழுதாதார். “என் பிள்ளைகள் ராம லட்சுமணர்” என்று நம்பி எழுதாதார். திராட்சை அறுப்பு முடியட்டும், ஏலக்காய் விலை ஏறட்டும், தை பிறக்கட்டும் என்று நாள் பார்த்து எழுதாதார். மூவருக்கும் சட்டமே உயில் எழுதிவைத்திருக்கிறது. இந்து ஆண் ஒருவர் உயிலின்றி இறந்தால் அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடிருக்கும் தாய் ஆகியோருக்குச் சமப் பங்கு. “பொம்பளப் பிள்ளைக்கு நகை போட்டாச்சு” என்னும் வாதத்துக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் மதிப்பெண் உண்டு, நீதிமன்றத்தில் இல்லை. பூர்வீகச் சொத்திலோ தமிழ்நாடு 1989-லும் நாடாளுமன்றம் 2005-லும் மகளை மகனுக்குச் சமமாக உட்காரவைத்துவிட்டன. பிள்ளையில்லாத விதவை தானே உழைத்து வாங்கிய வீடும், உயில் இல்லாவிட்டால், பிறந்த வீட்டுக்குப் போகாமல் கணவன் வழி வாரிசுகளுக்குப் போகும். இதை அறியாத அக்காமார் இப்பள்ளத்தாக்கில் பலர்.

எழுதி மறைத்தார் என்போர் உயிலை அரிசிப் பானை, சாமி படத்தின் பின்புறம், பூட்டிச் சாவி தொலைந்த டிரங்குப் பெட்டி ஆகிய இடங்களில் வைப்போர். மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் உயிலை ஒப்படைத்து வைக்க 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே வழிவைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

எழுதி மிரட்டுவார், “மாத்தி எழுதிடுவேன்” என்ற ஒரு வாக்கியத்தால் மூன்று மருமகள்களை மேய்ப்போர். சட்டம் இவர் பக்கம்தான்: உயிரோடிருக்கும் வரை எத்தனை முறையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே நிற்கும்.

எழுதாமல் கொடுத்தார் என்போர், உயில் எழுதாமல் உயிரோடிருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தார் பேருக்குச் செட்டில்மெண்ட் செய்தோர். குடும்பத்தாருக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு என்பதால் மலிவு என்று கையெழுத்துப் போடுவர். மறுநாளே சொந்த வீட்டில் விருந்தாளி ஆவர். இவர்க்கு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு மருந்து. ‘என்னைக் காப்பாற்ற வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்து, பிள்ளை காப்பாற்றாவிட்டால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தையே ரத்துச் செய்யக் கேட்கலாம். நிபந்தனையை எழுதாமல் விடுவது எழுத்தர் குற்றமா, பாசத்தின் குற்றமா என்பது ஆராயத்தக்கது.

எழுதினாருக்கும் எழுதாதாருக்கும் எடுத்துக்காட்டு வெளியூரில் தேட வேண்டா. ஆண்டிப்பட்டித் தொகுதி இரண்டு முதல்வர்களைத் தந்தது. எம்.ஜி.ஆர். 1987 ஜனவரியில் உயில் எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று மறைந்தார். அவர் வாழ்ந்த ராமாபுரம் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்கான பள்ளி அந்த உயிலால் நிற்கிறது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தபோது உயில் ஏதும் வெளிவரவில்லை. அண்ணன் பிள்ளைகள் இருவரும் சட்ட வாரிசுகள் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2020 மே ஆயிற்று. ஒருவர் விருப்பம் பள்ளிக்கூடமாயிற்று. மற்றவர் விருப்பம் என்னவென்றே தெரியாமல் போயிற்று.

இரண்டாவது: சாட்சி இயல்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா, வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமன்று, பதிந்தால் நல்லது. வக்கீல் எழுத வேண்டும் என்பதும் இல்லை. சென்னை நகரத்துச் சொத்துக்கு நெடுங்காலம் இருந்த புரோபேட் (உயில் மெய்யென்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயம் தேனி இந்துக்களுக்கு இருந்ததில்லை. 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பிடிவாதமாகக் கேட்பது ஒன்றே: எழுதியவரின் கையெழுத்து அல்லது கைநாட்டு, அதற்குச் சான்றாக இரண்டு பேர். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும்.

ஆகவே சாட்சி நால்வகை. எழுதியவருக்கு முன்னே போய்விடும் மூத்த சாட்சி; திருப்பூருக்கு வேலைக்குப் போய் முகவரி மாறிய ஓடிய சாட்சி; உயிலில் பங்கும் பெறும் பசித்த சாட்சி; இளைய சாட்சி. பசித்த சாட்சி ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் இருந்தால், அவர் பங்கு சட்டப்படியே செல்லாது. அவர் மனைவி பங்கும் செல்லாது. இந்துக் குடும்பத்தில் செல்லும். ஆனால் சந்தேகம் கூடவே வரும். உத்தமபாளையத்து முஸ்லிம் பெரியவருக்கோ விதி வேறு: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகள் ஒப்ப வேண்டும். நான்காம் வகைச் சாட்சி ஊரில் நிறைய உண்டு, எவரும் கூப்பிடுவதில்லை.

மூன்றாவது: பவர் இயல்

பவர் பத்திரம் பொதுவும் தனியும் என இரண்டு. வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்புவது, ஏலத்தோட்டத்துக்கு ஏற முடியாத தகப்பன் கொடுப்பது, மனை விற்பவர் கேட்டு வாங்குவது என்பன அதன் கிளைகள். ஏலத்தோட்டம் இருக்கும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பட்டா மாற்றத்துக்குப் ‘போக்குவரவு’ என்று பெயர். போடியிலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி இறங்குவோருக்கு அந்தச் சொல்லே பொருத்தம்.

பவர் வாங்கினால் சொத்து வாங்கியதாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக இறக்கும். அதனால்தான் அவர் உயிரோடிருக்கிறார் என்று மருத்துவர் சான்று கேட்கிறார்கள். பலருக்குத் தெரியாத சூத்திரம் ஒன்று உண்டு: கொடுத்தவருக்குச் சித்தம் கலங்கினாலும் பவர் முடிந்தது. மறதி நோய் வரும்போது உதவும் என்று வாங்கிவைத்த தாள், மறதி முற்றிச் சித்தம் கலங்கிய அன்றே வெறுந்தாள். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் 2024-ல் பாதுகாவலர் ஆனார்.

நான்காவது: துணை இயல்

உதவுவோர் மூவர். முதலாமவர் டீக்கடை மேதை: கட்டணம் ஒரு டீ, சேதம் ஒரு தலைமுறை. இரண்டாமவர் பத்திர எழுத்தர். நான்கு எல்லை, சர்வே எண், கிணற்றில் பங்கு, வரப்பில் நிற்கும் தென்னை எல்லாம் பிசகாமல் எழுதுவார். குடும்பத்துக்குள் இருக்கும் வில்லங்கம் அவர் கணக்கில் வராது. மூன்றாமவர் வக்கீல். அவர் சரக்கு எழுத்தன்று, கேள்வி: “மகள் உங்களுக்கு முன்னால் போய்விட்டால் அவள் பங்கு யாருக்கு?”

ஓர் எழுத்தர் கடையில் நான் கண்டது. கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “நல்ல சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்” வரை தலையாட்டினார். “இதுவே எனது கடைசி உயில்” என்று வாசித்ததும் கையைத் தூக்கினார்.

“தம்பி, அந்தக் ‘கடைசி’ய மட்டும் வெட்டிருப்பா.”

“ஐயா, அது இருந்தாத்தான் பழசு செல்லாமப் போகும்.”

“பழசே இல்லையேப்பா. இதான் மொதல்ல எழுதுறேன்.”

எழுத்தர் யோசித்து, ‘கடைசி’யை அடித்து ‘முதலும் முடிவுமான’ என்று போட்டார். பெரியவர் நிம்மதியாகக் கையெழுத்திட்டார். எமனை ஏமாற்ற இவ்வளவு போதும் என்பது இப்பள்ளத்தாக்கின் துணிபு.

கட்டணத்துக்கு அஞ்சுவோர்க்கு நான்காம் கதவு ஒன்றும் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தோடு சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் வட்டங்களில் அதன் குழுக்களும் இயங்குகின்றன. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் அங்கே வக்கீல் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

புறனடை

இங்கே சொல்லாத வகை எதுவும் சொன்னவற்றுள் அடங்கும் என்க. வாசிப்பவர் இப்போதே ஒன்று செய்க: உம்மைவிட இருபது வயது இளையவராக, உயிலில் பங்கில்லாதவராக, ஊரைவிட்டுப் போகாதவராக இரண்டு பேரை மனத்தில் எண்ணுக. பெயர் இரண்டும் தோன்றிவிட்டால் உயிலில் பாதி முடிந்தது; மீதிப் பாதி ஒரு வெள்ளைத்தாள்.