ஆரையம்பதி டீச்சரின் இஸ்லாம் பாடம்

எழுபதுகளில் காத்தான்குடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், மௌலவி சேர் வராத நாட்களில் இஸ்லாம் பாடவேளைக்கு வந்து உட்கார்பவர் ஆரையம்பதி டீச்சர். நெற்றியில் திருநீறு, நடுவில் பொட்டு. பாடநூலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஈமானின் ஆறு அம்சங்களையும் ஒவ்வொருவராக எழுந்து ஒப்புவிக்கச் சொல்வார். ஒருவன் நாலோடு நின்றுவிட்டால், புத்தகத்தைப் பார்த்து, "மறுமை நாள மறந்திட்டியே மனே" என்பார். அரபுச் சொற்கள் வரும் இடத்தை மட்டும் அவர் வாசிப்பதில்லை. "இத நீங்கதான் சரியாச் சொல்லணும். என்ட வாயால பிழையா வந்திரப்படாது" என்று சொல்லி முன்வாங்குப் பிள்ளையிடம் புத்தகத்தை நீட்டுவார்.

இன்னொருவரின் வேதத்தை எப்படிக் கையில் எடுப்பது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். எந்தப் பாடத்திட்டத்திலும் அது இருக்கவில்லை.

எங்கள் காலத்து மார்க்கக் கல்வி குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். சுபஹு முடிந்ததும் ஓதப்பள்ளிக்குப் போவோம். லெப்பையின் பிரம்புக்குப் பயந்து ஓதினோம். ஓதியதன் பொருள் எங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. பெரியபிள்ளையானதும் என் வகுப்பில் பாதிப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள். 1978 நவம்பர் சூறாவளி பள்ளிக்கூடத்துக் கூரையைக் கொண்டுபோனபோது, நிழலில் இருந்து படிக்க ஊரில் தென்னைகூட மிஞ்சவில்லை.

ஆனால் ஒழுக்கம் என்று தனியாக ஒரு பாடம் இல்லாமலே அது எங்களுக்குள் வந்தது. பள்ளிக்குப் பக்கத்து வளவில் ஒரு ஜம்பு மரம். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மதிலேறிப் பறித்துவிட்டான். தலைமையாசிரியர் அவனை அடிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார்; வேடிக்கை பார்க்கப் போன நாங்களும் பின்னால் நின்றோம். "மாப்புக் கேள்" என்றார். அவன் கேட்டான். அந்த வீட்டு மூத்தம்மா, "அல்லாஹ்வுக்காக மாப்பு" என்று சொல்லி, மடியில் இருந்த நாலு பழத்தை அவன் கையில் வைத்தார். அதன் பிறகு தலைமையாசிரியர் செய்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை: தன் மாணவனைச் சரியாக வளர்க்காததற்குத் தானும் மாப்புக் கேட்டார்.

இன்று என் பேத்தி படிக்கும் பள்ளியில் மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. மௌலவி ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; பொருளோடு குர்ஆன் படிக்கிறாள். பெண்பிள்ளைகள் யாரும் இடையில் நிற்பதில்லை. வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் பஸ்ஸில் போய்ப் பட்டம் எடுக்கிறார்கள். இதையெல்லாம் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. சமயம் சாதாரண தரத்தில் கட்டாயப் பாடம். இஸ்லாத்தில் 'ஏ' எடுக்காத பிள்ளையை எங்கள் தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போன மாதம் அவளுடைய கொப்பியைப் பார்த்தேன். "அயலவருக்குச் செய்ய வேண்டிய கடமைகள்" என்று தலைப்பு, கீழே அழகான எழுத்தில் வரிசையாகக் கடமைகள், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் சரி. முஸ்லிம் அல்லாத அயலவருக்கும் இந்தக் கடமைகள் உண்டு என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள். "உனக்குத் தமிழ்க் கூட்டாளிமார் ஆர் ஆர் இரிக்கா?" என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்ல உம்மம்மா" என்றாள். தமிழ் ஊரான ஆரையம்பதி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

இந்தப் பிரிவு ஒரே நாளில் நடந்ததல்ல. ஆனாலும் ஒரு நாளைச் சொல்லத்தான் வேண்டும். 1990 ஆகஸ்ட் 3, இஷாத் தொழுகை நேரம். எங்கள் ஊர் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். அவர்களில் சிறுபிள்ளைகளும் உண்டு. அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டன. அந்த வருடத்துக்குப் பிறகு ஆரையம்பதி டீச்சர்மார் எங்கள் ஊருக்கு வரவில்லை. எங்கள் ஆட்களும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குப் படிப்பிக்கப் போகவில்லை.

யுத்தம் பிரித்ததை நிர்வாகம் நிரந்தரமாக்கியது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகள் இன்று மட்டக்களப்பு மத்தி கல்வி வலயம். இந்த ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. வாவியோரமாக இடையிடையே கிடக்கின்றன. அடுத்த வளவான ஆரையம்பதியோ மட்டக்களப்பு வலயம். தனி வலயம் கேட்டதில் நியாயம் இருந்தது. பயந்துபோன சமூகத்துக்கு அது பெரிய ஆறுதல், ஆசிரியர் பற்றாக்குறையும் ஓரளவு தீர்ந்தது. ஆனால் ஆசிரியர் இடமாற்றங்கள் பெரும்பாலும் வலயத்துக்குள்ளேயே சுற்றுவதால், திருநீறு பூசிய ஒருவர் எங்கள் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் வரும் வழி அடைபட்டுப் போனது.

பிறகு 2019 ஏப்ரல் 21. எங்கள் ஊரில் பிறந்த ஸஹ்ரானின் கூட்டம் செய்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்த பிள்ளைகள் ஞாயிறு பாடசாலை முடித்து வந்தவர்கள். அவர்களும் மார்க்கம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. "உங்கள் மதரஸாக்களில் என்னதான் படிப்பிக்கிறீர்கள்?" என்று நாடே கேட்டது. ஸஹ்ரானை ஊரின் அரபுக் கல்லூரி படிப்பின் இடையிலேயே வெளியேற்றியிருந்தது. ஆனால் அந்தப் பதில் யாருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. 2021இல் இஸ்லாம் பாடநூல்களைத் திருத்த வேண்டும் என்று திருப்பி எடுத்தார்கள்.

பாடநூலில் பிழை தேடியவர்கள் தவறான இடத்தில் தேடினார்கள் என்றுதான் நினைக்கிறேன். அயலவரின் உரிமை அந்த நூல்களில் இருந்தது. அயலவர்தான் வகுப்பில் இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இதே கதைதான். முஸ்லிம் டீச்சர் ஒருவரிடம் அடி வாங்காமல், பாராட்டும் வாங்காமல் அந்தப் பிள்ளை பெரியாளாகிறது.

ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, அதிகாரிகளைக் கண்ட இடமெல்லாம் நான் ஒன்றைக் கேட்டு வருகிறேன். இரண்டு வலயங்களும் தங்களுக்குள் ஆசிரியர்களை மாற்றிக்கொள்ளட்டும். ஆரையம்பதியிலிருந்து கணிதத்துக்கு ஒருவர் இங்கே வரட்டும். இங்கிருந்து விஞ்ஞானத்துக்கு ஒருவர் அங்கே போகட்டும். "பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டாங்க டீச்சர்" என்கிறார்கள். பள்ளி விடும் நேரம் வாசலில் காத்து நிற்கும் தாய்மாரிடமே கேட்டுப் பார்த்தேன். சிலர் தயங்கினார்கள். ஒருத்தி மட்டும், "நல்லாக் கணக்குப் படிப்பிப்பாவா?" என்று கேட்டாள். "படிப்பிப்பா" என்றேன். "அப்ப எப்ப வருவா?" என்றாள்.